நம்ம பாலக்காடு ஜில்லா சித்தூர் பக்கத்து மண்ணுக்கு சிம்ப்ளெக்ஸ் பிளஸ் டிடெக்டர் ஒத்து வருமா?

மெட்டல் டிடெக்டர் வாங்கோணும்னு கேக்கறவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது "எத்தனை அடி ஆழத்துக்குப் புடிக்குமுங்க"ன்னுதான். அந்தக் கேள்விய வெச்சு மெஷின் வாங்குனா கண்டிப்பா ஏமாந்துதான் போவீங்க. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம்னு இந்தப் பக்கம் இருக்கற பழைய களத்து வீடுகள்லயும் இடிஞ்சு கெடக்கற சாளைகள்லயும் (தோட்டத்து வீடு) நான் நோக்டாவோட சிம்ப்ளெக்ஸ் பிளஸ் வெச்சு ரொம்ப நாளா தேடிட்டு இருக்கேன், அதனால இந்த மண்ணுல இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். வெளிநாட்டுக்காரங்க பார்க்குல புல்லு மேல ஆட்டிட்டுப் போடற வீடியோவப் பாத்து நம்ம ஊருக்கு முடிவு பண்ண முடியாதுங்க.

மெஷினப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். துருக்கில செய்யறது, 2019 கடைசில வந்த மாடல், இப்ப இதுக்கு அடுத்த மாடல்களும் வந்துருச்சு ஆனா இதையே நெறையப் பேரு இன்னும் வெச்சிருக்காங்க, செகண்ட் ஹேண்ட்லயும் கெடைக்குது. விஎல்எஃப் வகை, அதாவது ரொம்பக் கொறைஞ்ச ஃப்ரீக்வென்சில வேலை செய்யறது, ஒரே ஃப்ரீக்வென்சி 12 கிலோஹெர்ட்ஸ், 11 இஞ்சு டிடி காயில் (தரை மேல ஆட்டற தட்டு), எடை 1.3 கிலோ. மடக்குனா 63 சென்டிமீட்டர்தான், தோள்ல ஒரு பைல போட்டு பைக்ல போயிடலாம், நான் அப்படித்தான் போறேன். 3 மீட்டர் தண்ணிக்குள்ள போனாலும் ஒண்ணும் ஆகாது, அதனால திடீர்னு மழை புடிச்சா ஓடிப்போயி ஒதுங்கறது நாமதான், மெஷினப் பத்திக் கவலைப்பட வேண்டியதில்ல. அமெரிக்கால வந்த புதுசுல 300 டாலருக்குள்ளதான் வித்தது, நம்ம ஊருக்கு வரும்போது டாக்ஸ் அது இதுன்னு ஏறும், எனக்கு துபாய்ல இருக்கற மச்சான் ஊருக்கு வரும்போது வாங்கிட்டு வந்து குடுத்தாரு.

சரி ஆழம். காயில்ல இருந்து ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள்ள போகுது, அங்க உலோகம் இருந்தா அதுல ஒரு சின்ன கரண்ட் சுத்தும், அது திருப்பி ஒரு புலத்த உண்டாக்கும், அத மெஷின் புடிச்சு சத்தமா சொல்லுது. போற புலமும் தூரத்தோட முப்படில கொறையுது, திரும்பி வர்றதும் முப்படில கொறையுது, ஆக மொத்தம் ஆறாம் படி. அதாவது காசு இப்ப இருக்கறத விட ரெண்டு மடங்கு ஆழத்துல இருந்தா சிக்னல் ஏறக்குறைய 64-ல ஒரு பங்குதான் வரும். எந்தக் கம்பெனிக்காரன் வந்தாலும் இந்தக் கணக்க மாத்த முடியாதுங்க. காலணா சைஸ் காசு நல்ல மண்ணுல ஒரு ஜாண் ஆழத்துல சுத்தமா கேக்குது, அதுக்கு மேல போனா சத்தம் விட்டு விட்டு வரும், ஒரு முழத்துல எல்லாம் காசு கேக்கவே கேக்காது. பெரிய அண்டா, ஏர்க்கொழு மாதிரி ஜாமான்னா இன்னும் ஆழத்துல கேக்கும், அவ்வளவுதான். அப்பறம் என்னத்துக்கு இந்த மெஷின்னு கேட்டா, பழைய வீட்டச் சுத்தி கெடக்கற ஜாமான்ல நெறைய அந்த ஒரு ஜாணுக்குள்ளதான் இருக்குது.

நமக்கு முக்கியமான விஷயம் மண்ணு. கேரளாவுல கரிசல் மண்ணு இருக்கறதே நம்ம சித்தூர் தாலுக்கா பக்கம்தான், அதுக்குப் பக்கத்துலயே செம்மண்ணு, இன்னும் மேற்கால ஒத்தப்பாலம், மண்ணார்க்காடு பக்கம் போனா வெட்டுக்கல்லு (லேட்டரைட்) பூமி. வெட்டுக்கல்லுலயும் அந்தச் செம்மண்ணுலயும் இரும்புச் சத்து ஜாஸ்தி, அதனால மண்ணே உலோகம் மாதிரி சத்தம் போடும். சந்தேகமா இருந்தா ஒரு காந்தத்த பிளாஸ்டிக் கவர்ல சுத்தி காஞ்ச மண்ணுல ஒரு தடவ இழுத்துப் பாருங்க, கருப்பா மீசை மாதிரி ஒட்டுதுன்னா அந்த எடத்துல மெஷினுக்கு வேலை கஷ்டம்னு அர்த்தம். ஆன்லைன்ல மூவாயிரம் அஞ்சாயிரத்துக்கு வர்ற மெஷின்ல எல்லாம் இந்த மண்ணுச் சத்தத்தக் கழிக்கற வசதியே இருக்காது, வெட்டுக்கல்லு பூமில அது நிக்காம கத்திட்டே இருக்கும், இல்லாட்டி கத்தாம இருக்க சென்சிட்டிவிட்டிய கொறைச்சுக் கொறைச்சு கடைசில விரல் ஆழம் கூட கேக்காம போயிரும்.

சிம்ப்ளெக்ஸ் பிளஸ்ல நான் மொதல்ல பாராட்டறது இந்த எடத்துலதான். கிரவுண்ட் பேலன்ஸ் பட்டன அமுத்திப் புடிச்சுட்டு காயில தரைக்கு மேல ஒரு ஜாண் ஒசரத்துக்கு மேலயும் கீழயுமா ஆட்டுனா அதுவே அந்த மண்ணுக்கு ஒரு நம்பர் புடிச்சு வெச்சுக்கும், அப்பறம் மண்ணுச் சத்தம் அடங்கிரும். ஒரு தடவ பண்ணிட்டு நாள் பூரா சுத்தறாங்க சிலரு, அது நம்ம ஊருக்கு ஆகாதுங்க, ஒரே தோட்டத்துல வாசல் பக்கம் கொட்டுன செம்மண்ணும் பொடக்காலில (வீட்டுக்குப் பின்னால) கரிசலும் இருக்கும், எடம் மாறுனா மறுபடி பண்ணுங்க. ஒரு நிமிஷ வேலை. கரிசல்ல இன்னொரு சமாச்சாரம், கோடைல அது கையி உள்ள போற அளவுக்கு வெடிக்கும், மேல கெடந்த காசு அந்த வெடிப்புல உள்ள போயிரும், மழை வந்து மூடிக்கும். அதனால ஒரே வயசு காசு செம்மண்ணுல மேலாப்ல இருக்கும், கரிசல்ல நமக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கும். பக்கத்துப் பக்கத்து தோட்டத்துல ஒருத்தருக்குக் கெடைச்சு இன்னொருத்தருக்குக் கெடைக்காம போறதுக்கு இதான் காரணம், மெஷினக் கொறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது, இரும்பு. பழைய வீட்டச் சுத்தி ஆணி, கொக்கி, தகரம், ஓட்டுக்கூரைல அடிச்ச கம்பின்னு எங்க காயில வெச்சாலும் இரும்புதான். இதுல திரைல 0-ல இருந்து 99 வரைக்கும் நம்பர் காட்டும், 15-க்குக் கீழ வந்தா இரும்பு. அந்த இரும்புச் சத்தத்த மட்டும் தனியா கொறைச்சு வெக்கலாம், முழுசா அடைச்சும் வெக்கலாம். முழுசா அடைக்காதீங்கன்னு நான் சொல்லுவேன். இரும்பு எங்க எல்லாம் கேக்குதோ அங்கதான் மனுஷங்க பொழங்கியிருக்காங்க, அந்தச் சத்தம் கேட்டுட்டே போனா வீடு எங்க முடிஞ்சுது, கட்டுத்தரை எங்க இருந்துதுன்னு காதுலயே தெரியும். இரும்பே கேக்காத எடத்துல மணிக்கணக்கா ஆட்டறது வீண். ஆனா பெரிய இரும்புத் துண்டு, வண்டிப் பட்டா மாதிரி, அப்பப்ப 90-க்கு மேல நம்பர் காட்டி வெள்ளின்னு நம்ப வெச்சிரும், அதுக்கு ஒரு வழி இருக்குது, காயில குறுக்க நெடுக்க ரெண்டு பக்கத்துல இருந்தும் ஆட்டிப் பாருங்க, நல்ல ஜாமான்னா எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் அதே நம்பர் அதே எடத்துல நிக்கும், இரும்புன்னா குதிக்கும்.

குப்பை ஜாஸ்தி இருக்கற எடத்துக்கு 11 இஞ்சு காயில் பெருசுங்க. ஒரே நேரத்துல அடில நாலு ஆணியும் ஒரு காசும் இருந்தா காசோட சத்தம் அமுங்கிரும். சின்ன காயில் தனியா விக்கறாங்க, பழைய வீட்டுக்குன்னே வாங்கறவங்க அதையும் சேத்து வாங்கிடுங்க, இதுல கஞ்சத்தனம் பாக்க வேண்டாம். எனக்கு மெஷின விட அந்த சின்ன காயில்தான் அதிகமா சம்பாதிச்சுக் குடுத்ததுன்னு சொல்லுவேன், சம்பாதிச்சுன்னா பணம் இல்லீங்க, ஜாமான்.

எங்க தேடறதுங்கறது மெஷினுக்குத் தெரியாது, அது ஊருல இருக்கற பெரியவங்களுக்குத்தான் தெரியும். நான் ஒரு எடத்துக்குப் போனா மெஷின பைல இருந்து எடுக்கறதுக்கு முன்னாடி அந்த வீட்டு ஆத்தாவோ அப்பாருவோ இருந்தா அவங்ககூட உக்காந்து பேசிருவேன். "ஏனுங்காத்தா, மாடு எங்க கட்டுவீங்க, வண்டி எங்க நிக்கும், நெல்லு எங்க அடிப்பாங்க, கூலிய எங்க வெச்சுக் குடுப்பாங்க"ன்னு கேட்டா போதும், அவங்க கையக் காட்டிக் காட்டி மொத்த வீட்டையும் கட்டிருவாங்க, இப்ப அங்க வெறும் சோளக்கொல்லை இருந்தாலும். கோபாலபுரம் பக்கத்துல ஒரு ஆத்தா இப்படித்தான் "அந்தப் புளியமரத்துக்குக் கெழக்கால கவலை ஓட்டுன கெணறு இருந்துச்சு சாமி, மூடிப்போட்டாங்க"ன்னு சொன்னாங்க. கவலைன்னா மாடு பூட்டி கெணத்துல தண்ணி எறைக்கறது. பாத்தா ஒண்ணுமே தெரியல, வெறும் தரை. காயில வெச்சதும் இரும்பு இரும்பா கேட்டுது, தோண்டுனா எல்லாம் மாட்டு லாடம். மாட்டுக்கு ஒரு குளம்புக்கு ரெண்டு லாடம், ஒரு மாட்டுக்கு எட்டு, கவலைல பூட்டுன மாடு பொழுதுக்கும் அதே எடத்துல முன்னால போயி பின்னால வரும், அதனால கழண்டது எல்லாம் அங்கயே விழுந்து கெடக்குது. தேஞ்சு போயி பேப்பர் மாதிரி இருக்கற லாடம் ஒண்ண ஆத்தா கையில குடுத்தேன், அவங்க அத வெரல்ல தடவிட்டே அந்த மாடுகளோட பேரச் சொன்னாங்க. டிடெக்டர் வாங்கறதுக்கு வேற காரணம் எனக்கு வேண்டியதில்லீங்க.

கட்டுத்தரைல கெடைக்கறது சலங்கை, கழுத்து மணி, மூக்கணாங்கயித்து வளையம். வண்டி நின்ன எடத்துல கடையாணி. பொடக்காலில பித்தளைச் சொம்போட வாய் ஓரம், ஒடைஞ்ச கரண்டி, ஈயம் பூசுன துண்டு. வாசத் திண்ணைக்கு முன்னாலயும் களத்தோட ஓரத்துலயும்தான் காசு, ஏன்னா அங்கதான் மடியில இருந்து எடுத்து எண்ணுவாங்க. இதெல்லாம் ஆளுங்க உக்காந்த எடம், நின்ன எடம், குனிஞ்ச எடம்னு யோசிச்சுட்டே நடந்தா தானா புடிபடும்.

காசுக்கு வருவோம். சித்தூர் கொச்சி சமஸ்தானத்துல இருந்துது, சுத்தியும் மெட்ராஸ் மாகாணத்து மலபார் ஜில்லாவும் கோயமுத்தூர் ஜில்லாவும், அதனால ரெண்டு ராஜ்ஜியத்துக் காசும் வர வாய்ப்புண்டு. கொச்சி ராஜ்ஜியத்து புத்தன்ங்கறது ரொம்பச் சின்ன வெள்ளி, கொஞ்சம் ஆழத்துல இருந்தாலும் 12 கிலோஹெர்ட்ஸுக்கு சத்தம் மெலிசாத்தான் வரும், அந்த மாதிரி எடத்துல காயில மெதுவா, தரைய ஒட்டி ஆட்டுங்க. எனக்கு அதிகமா வந்தது காலணாதான், தாமிரம், நம்பர் நல்லா மேல நிக்கும், சத்தமும் கணீர்னு இருக்கும். நடுவுல ஓட்டை போட்ட காலணா 1943-ல இருந்து 1947 வரைக்கும் அடிச்சது, யுத்த காலத்துல உலோகத்த மிச்சம் புடிக்க. வெள்ளி ரூபா 11.66 கிராம், 1940-க்கு முன்னால வந்ததுல நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு பங்கு கிட்ட வெள்ளி, அப்பறம் பாதியாக் கொறைச்சுட்டாங்க, 1947 ரூபா முழுக்க நிக்கல். நிக்கல் காந்தத்துல ஒட்டும், அதனால கையில எடுத்து காந்தம் வெச்சுப் பாத்து ஒட்டுதேன்னு இரும்பா நெனச்சு வீசிறாதீங்க, கழுவிப் பாருங்க. 1957-க்கு அப்பறம் வந்த நயா பைசாவும் பின்னால வந்த அலுமினியக் காசும் எல்லா வீட்டுலயும் கெடைக்குது, அது வந்தா அந்த எடத்துல 57-க்கு அப்பறமும் ஆளு இருந்துருக்காங்கன்னு ஒரு கணக்கு.

ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கறேன், கெடைச்ச தாமிரக் காசப் புளி போட்டுத் தேய்க்காதீங்க. நம்ம வீட்டுல குத்துவெளக்கு தேய்க்கற பழக்கம், கை தானா புளிக்குப் போயிரும். அந்தப் பச்சைப் படலமும் கருப்பும்தான் காசோட தோலு, அது போச்சுன்னா எழுத்தும் கூடவே போயிரும், அப்பறம் அது வெறும் பளபளப்பான தாமிரத் துண்டு. நல்ல தண்ணில ஊற வெச்சு மண்ணு மட்டும் எளகி வந்தாப் போதும்.

தங்கம் காட்டுமான்னு கேக்காம யாரும் போகமாட்டாங்க. காட்டும். ஆனா சின்னத் தோடு, மூக்குத்தி, மெல்லிசு மோதிரம் எல்லாம் பான் மசாலா கவரு, மாத்திரை அட்டை காட்டற அதே நம்பர்லதான் காட்டும், கீழ் பக்கத்துலயும் நடுவுலயுமா. குப்பையக் கழிச்சு விடறேன்னு அந்த நம்பர எல்லாம் அடைச்சு வெச்சா தங்கமும் சேந்து அடைபட்டுரும். உலகத்துல எந்த விஎல்எஃப் மெஷினும் இதத் தப்ப முடியாது. அதனால தங்கம் வேணும்னா நூறு பான் மசாலா கவரு தோண்டத் தயாரா இருக்கோணும். தொலைஞ்சது இன்னதுதான், இந்த எடத்துலதான்னு தெரிஞ்சா கதை வேற, கடலைக்காட்டுல களை வெட்டும்போது கழண்டு போன ஒரு பொண்ணோட மோதிரத்த எடுத்துக் குடுத்தேன், பாத்தி பாத்தியா கயிறு கட்டி ஒண்ணு விடாம ஆட்டுனேன், வெரல் ஆழத்துல இருந்துது. அந்தப் பொண்ணோட அம்மா கண்ணத் தொடைச்சுட்டே நின்னாங்க.

இப்ப சட்டம், இத தயவுசெஞ்சு தாண்டிப் போயிறாதீங்க. மண்ணுக்குள்ள இருந்து வந்த மதிப்புள்ள ஜாமான் கண்டெடுத்தவனுக்கே சொந்தம்னு நம்ம நாட்டுல கெடையாது. 1878 புதையல் சட்டம் 10 ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கோணும்னு சொல்லுது, கேரளாவுக்குன்னு தனியா 1968-ல ஒரு புதையல் சட்டம் இருக்குது, அது போக 100 வருஷத்துக்கு மேலான பழம்பொருளுக்கு 1972 சட்டம். 2024 ஜூலைல கண்ணூர் ஜில்லா செங்களாயில தொழிலுறப்பு (நூறு நாள்) வேலை செஞ்ச அக்காமாருங்க ரப்பர் தோட்டத்துல மழைக்குழி வெட்டும்போது ஒரு பாத்திரத்துல தங்க நகையும் பழைய காசும் கெடைச்சுது, மொதல்ல பாம் ஏதோன்னு பயந்து போயிட்டாங்களாம், ஆனா ஒரு காசு கூட மறைக்காம போலீசுக்குச் சொல்லி ஒப்படைச்சாங்க. அதனாலதான் அதுல வெனிஸ் காசு, ஆலிராஜா காசு, வீரராயன் பணம் எல்லாம் ஒண்ணா இருந்துதுன்னு நமக்குத் தெரிஞ்சுது. பிரிச்சு எடுத்துட்டுப் போயி உருக்கியிருந்தா அந்தக் கடலோரத்து வியாபாரத்தப் பத்தி ஒரு சாட்சியே இல்லாம போயிருக்கும். கோயில், கோட்டை, கல்திட்டை, முதுமக்கள் தாழி இருக்கற எடம் பக்கம் மெஷின எடுத்துட்டே போகாதீங்க, பாதுகாக்கப்பட்ட சின்னத்தச் சுத்தி கட்டட வேலைக்கே 100 மீட்டர் தடை, அதுக்கு அப்பறம் 200 மீட்டர் கட்டுப்பாடு. ஓட்டுக்குக் கீழயோ கீறல் விழுந்த பானைக்குப் பக்கத்துலயோ ரெண்டு மூணு காசு சேந்தாப்ல வந்தா தோண்டறத அங்கயே நிறுத்திட்டு வில்லேஜ் ஆபீஸ்ல சொல்லுங்க. தோட்டத்துக்காரர்கிட்ட முன்னாடியே பேசி, கெடைக்கறது என்னன்னாலும் அவருக்குக் காட்டிட்டுத்தான் எடுப்பேன்னு சொல்லிட்டுப் போங்க.

முப்பது அடி ஆழத்துல இருக்கற தங்கத்த கலர் கலரா திரைல காட்டும், ரெண்டு கம்பி தானா திரும்பும்னு லட்சக் கணக்குல விக்கறாங்களே, அதுக்கு மேல நான் சொன்ன ஆறாம் படிக் கணக்கே பதில். மீனாட்சிபுரம் பக்கத்துல ஒரு குடும்பம் அந்த மாதிரி ஒரு ஆளுகிட்ட ஏமாந்து, அவன் காட்டுன எடத்துல வீட்டு அஸ்திவாரத்தையே தோண்டி சுவரு விரிசல் விட்டுக் கெடக்குது. நல்ல பழைய தொட்டிக்கட்டு வீடு. பாத்தா வயிறு எரியுதுங்க.

சிம்ப்ளெக்ஸ்ல எனக்குப் போதாதுன்னு தோணறது, பேட்டரி உள்ளயே இருக்குது, கழட்டி வேற போட முடியாது. முழு சார்ஜ்ல ஒரு நாள் தாராளமா ஓடுது, பவர் பேங்க்ல போட்டுக்கலாம், ஆனாலும் காட்டுக்குள்ள தீந்து போனா ஏஏ பேட்டரி வாங்கிப் போட்டுட்டு தொடரலாம்ங்கற வசதி இல்ல. ஒரே ஃப்ரீக்வென்சிங்கறதால வெட்டுக்கல்லு ஜாஸ்தியான எடத்துல மல்டி ஃப்ரீக்வென்சி மெஷின் அளவுக்கு ஆழம் போகாது. ஒத்தப்பாலம் பக்கமே முழுசா தேடப் போறவங்க இன்னும் கொஞ்சம் சேத்து வெச்சு மல்டி வாங்கறது நல்லது. நம்ம கெழக்குச் சித்தூர் பக்கத்துக்கு இதுவே போதும். ஈபி லைனுக்கு அடியிலயும் மோட்டார் ரூம் பக்கத்துலயும் சலசலன்னு கத்தும், அதுக்கு ஃப்ரீக்வென்சிய லேசா நகத்தற வசதி இருக்குது, சென்சிட்டிவிட்டியயும் ரெண்டு கட்டம் எறக்குனா அடங்கிரும்.

கூட என்ன வாங்கறதுன்னா, ஒயர்லெஸ் ஹெட்ஃபோன் வர்ற பேக்கா பாத்து வாங்குங்க, ஸ்பீக்கர்ல சத்தம் வந்தா பத்து நிமிஷத்துல வேலி ஓரம் கூட்டம் சேந்து, புதையல் தோண்டறாங்கன்னு ஊரே பேசி தோட்டத்துக்காரருக்குத்தான் தொந்தரவு. குழிக்குள்ள ஜாமான் எங்கன்னு காட்டற, கையில புடிக்கற பின்பாயிண்டர் ஒண்ணு கண்டிப்பா வேணும், நான் கேரட் (Garrett) கம்பெனியோட ப்ரோ பாயிண்டர் ஏடி வெச்சிருக்கேன், ஆரஞ்சு கலரு, புல்லுல விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும், 9 வோல்ட் பேட்டரி கொழிஞ்சாம்பாறைல எந்த எலக்ட்ரிகல் கடைலயும் கெடைக்கும். கடப்பாரை வேண்டாம், களைக்கொத்து போதும், மூணு பக்கம் வெட்டி மண்ண மூடி மாதிரி நிமித்தி எடுத்துட்டு திருப்பி அப்படியே அழுத்தி வெச்சா தோண்டுன தடமே இருக்காது. ஆரம்பிக்கறவங்க ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்பறம் ஆரம்பிங்க, ஈர மண்ணுல சத்தமும் நல்லா வருது, தோண்டறதும் சுலபம், கரிசல் வெடிப்பும் மூடியிருக்கும். இடிஞ்ச சுவரு ஓரத்துல கண்ணாடி விரியன் படுத்துருக்கும், கல்ல நேரா கையால பொரட்டாதீங்க, பூட்ஸ் போட்டுட்டுப் போங்க.